நிற்கும் சுவரெல்லாம் உறுதியான சுவரல்ல
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீண்ட காலத்தின் பின் சொந்த வளவுக்குத் திரும்புகிறீர்கள். கூரை போயிருக்கும், சுவர்கள் நிற்கும். "சுவர் இருக்குத்தானே, தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருப்பம்" என்று நினைப்பது இயல்பு. கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிசெய்த பின்பே வளவுக்குள் போகிறோம். அதேபோல, சுவரையும் சோதித்த பின்பே அதன் அருகில் படுக்க வேண்டும்.

சுவர் ஏன் விழாமல் நிற்கிறது? அதன் பாரம் கீழே அழுத்துகிறது. அத்திவாரம் அதே அளவு பலத்துடன் மேலே தாங்குகிறது. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் அது சமநிலை. சுவர் சாயச் சாய, பாரம் ஒரு கரைக்கு நகர்கிறது. அடியை விட்டு வெளியே போனால் சுவர் சரியும்.

ஆனால் சமநிலை மட்டும் போதாது. ஒரு புத்தகத்தை மூடி நிமிர்த்தி வையுங்கள்; ஊதினாலே விழும். சற்று விரித்து வையுங்கள், நிற்கும். குறுக்குச் சுவரோடு சேர்ந்த மூலை விரித்த புத்தகம். கூரையும் குறுக்குச் சுவரும் இல்லாத நீளச் சுவர் மூடிய புத்தகம். காற்றே அதைத் தள்ளிவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்:

1. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரின் உயரத்தைவிடக் கூடிய தூரத்தில், அதன் நுனிப் பக்கமாக நின்று, நூலோடு சுவரின் விளிம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்வு கண்ணுக்குத் தெரிந்தால் கிட்டப் போக வேண்டாம்.

2. சாய்வில்லாத சுவரில் வெடிப்பு இருந்தால், அதன் குறுக்கே சிறிது சீமெந்து பூசித் திகதி எழுதுங்கள். பூச்சு வெடித்தால் சுவர் இன்னும் அசைகிறது.

3. சுவரில் ஆலோ அரசோ முளைத்திருக்கிறதா, அடி மண் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்குப் பின் மீண்டும் பாருங்கள்.

தறப்பாளைத் தனிச்சுவரில் கட்டாதீர்கள். காற்றில் அது பாய்போல விரிந்து சுவரை இழுக்கும். தனியாகக் கப்பு நட்டுக் கட்டுங்கள்.

கல் எடுப்பதற்காகச் சுவரின் அடியைத் தோண்டாதீர்கள். இடிப்பதானால் அனுபவமுள்ள மேசனைக் கொண்டு மேலிருந்து கீழாக, வரிவரியாகக் கழற்றுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அவர் பார்க்கும் வரை சுவருக்கு எட்டத்தில் கொட்டில் போட்டு இருங்கள். சுவரைத் திரும்பக் கட்டலாம். உயிரைத் திரும்பப் பெற முடியாது.