யார் ஏழை? அரசின் இரண்டு கணக்குகள்



கல்லூரியில் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் வாதாடிப் பெற்றுத் தந்தது.

அதன் தகுதி விதிகளில் ஒன்றை மட்டும் பாருங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2013இல் வைத்த வரம்பு இது.

ஒரு கணக்குப் போடுவோம். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய், மாதம் 26 நாள். ஆண்டுக்கு 2,49,600. பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு. கூலி 410 ஆனால் 2,55,840. உதவித்தொகை கிடையாது. பத்து ரூபாய் கூலி உயர்வு பிள்ளையின் படிப்பில் கை வைக்கிறது.

இதே ஒன்றிய அரசு 2019இல் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தது. அங்கே வருமான வரம்பு 8 லட்சம். ‘அது இடஒதுக்கீடு, இது உதவித்தொகை, ஒப்பிடாதீர்கள்’ என்பார்கள். ஏழை யார் என்று சொல்வது ஒரே அரசுதானே? மாதம் 66,000 வந்தால் அவர்கள் ஏழை. 21,000 வந்தாலே நாம் வசதியானவர்களா?

வரம்பை 8 லட்சமாக்கு என்று கேட்போம். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏற வேண்டும்.

அதுவரை நம் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் கல்லூரி திறக்கும் முன்பே தயார் செய்து கொடுப்போம். தகுதி இருந்தும் தாள் இல்லாமல் ஒரு பிள்ளைகூட விடுபடக் கூடாது.

ஜெய்பீம்.