அணித்தலைவி
(புதுச்சேரி, சாரத்தில் மகளிர்முன் ஆற்றிய பொழிவு)

 

1909ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பளிங்கு அரண்மனையில் சாரணச் சிறுவர் பல்லாயிரவர் அணிவகுத்தனர். அழைப்பே இல்லாமல் அங்கே ஒரு சிறு கூட்டம் வந்து நின்றது. வந்தவர் சிறுமியர். சாரண உடையைத் தாமே புனைந்துகொண்டு, தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு பேடன் பவலிடம் கேட்டனர். அடுத்த ஆண்டிலேயே அவர்தம் தங்கை ஆக்னசின் தலைமையில் பெண்களுக்கெனத் தனியமைப்புத் தோன்றிற்று. எவரும் இரங்கிக் கொடுத்ததன்று அது. சிறுமியர் தாமே வந்து நின்று பெற்றது.

இந்நாட்டில் 1911இல் சபல்பூரில் முதற் சாரணியர் குழு அமைந்தது. தொடக்கத்தில் அது வெள்ளையர் வீட்டுச் சிறுமியர்க்கே உரியதாயிருந்தது. நம் பெண்களுக்குக் கதவு திறக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. விடுதலைக்குப்பின், 1950இல் சாரணர் கழகங்கள் ஒன்றாயின. 1951இல் சாரணியரும் அவற்றோடு இணைந்தனர்.

இவ்வமைப்பின் உயிர்நிலை எது? சீருடையா? கொடி வணக்கமா? இல்லை. ஆறு முதல் எட்டுச் சிறுமியர் கொண்ட 'அணி' என்னும் சிறு குழுவே அதன் உயிர்நிலை. அவ்வணிக்குத் தலைவி ஆசிரியை அல்லள். பன்னிரண்டு, பதின்மூன்று அகவைச் சிறுமி ஒருத்தியே. கூடாரம் எங்கே அடிப்பது, விறகு பொறுக்குவார் யார், உலை வைப்பார் யார், காலில் முள் தைத்தவளுக்குக் கட்டுப் போடுவார் யார் என்பனவற்றை அவளே முடிவு செய்கிறாள். முடிவு தவறினால் அன்றிரவு சோறு வேகாது. மறுநாள் அணியினர் கூடி அதனைப் பேசுவர். அவள் விடை கூறியாக வேண்டும். வீட்டில் வாய் திறவாத பெண், பெரியோர் அவையில் தன் அணிக்காக எழுந்து பேசக் கற்பது இவ்வாறே. 'அஞ்சாதே' என்று ஆயிரம் முறை சொல்வதால் அச்சம் போவதில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்தால் போகிறது.

இதற்குச் சான்று தேடி இலண்டனுக்குப் போக வேண்டா. 1943ஆம் ஆண்டு அத்தோபர் 22ஆம் நாள், சிங்கப்பூரில் சான்சி அரசிப் படையின் பயிற்சிப் பாசறை திறக்கப்பெற்றது. இலக்குமி அதன் தலைவி. சேர்ந்தவருட் பெரும்பாலோர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். பலர் இருபது அகவையும் எட்டாதவர். காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்த சானகிக்கு அகவை பதினெட்டு, இராசம்மாவுக்குப் பதினாறு. களத்தில் நேர்நின்று பொருதும் வாய்ப்பு அப்படைக்குக் கிட்டவில்லை. எனினும் 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, வான்குண்டுகளுக்கு ஒளிந்து இரவெல்லாம் நடந்த பெண்களை வழிநடத்தியவருள் சானகி ஒருவர். 1946இல் மலேயா இந்தியர் பேராயத்தைத் தொடங்கியவருள் அவரும் இருந்தார். பிற்காலத்தில் மலேசிய மேலவை உறுப்பினரானார். இராசம்மா ஆசிரியையாகி, 1960இல் பெண்ணாசிரியர்க்கெனத் தொழிற்சங்கம் கண்டு, ஆணுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். துமுக்கி தூக்கியதாலன்று, சிறு அகவையிலேயே பிறர்க்குப் பொறுப்பேற்றதால் வந்த திண்மை அது. போர் இல்லாமலே அப்பொறுப்பைச் சாரணியம் தரவல்லது.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். சாரணியர் ஏறும் படிநிலைகளின் பெயர்களைக் கேளுங்கள்: 'பிரவேசு', 'பிரதம சோபான்', 'துவிதிய சோபான்', 'திரிதிய சோபான்'! நீலப்பறவை, குருளையர், திரிசாரணியர் என அழகிய தமிழ்ப்பெயர்கள் வழங்கும் நாட்டில், ஒரு சிறுமி தான் பெற்ற சிறப்பைத் தன் பாட்டிக்குத் தன் மொழியில் எடுத்துச் சொல்ல முடியவில்லை. நுழைநிலை, முதற்படி, இரண்டாம்படி என்றால் என்ன கெட்டுவிடும்? பெயர் விளங்காத வெற்றி பாதி வெற்றியே.

இனிச் சாரத்துத் தாய்மாரின் கேள்வி: 'பொழுது சாய்ந்தபின் பெண்பிள்ளைக்கு வெளியில் என்ன வேலை?' இக்கேள்வி இழிந்ததன்று. அதில் அக்கறை இருக்கிறது. ஆனால் அதே அக்கறை மகனிடத்தில் ஏன் வாய்மூடி நிற்கிறது? மகளின் காப்பே கவலையெனின் அதற்கு வழியுண்டு. பாசறை நடக்கும் இரவில் தாயர் இருவர் மூவர் உடன்சென்று தங்கலாம். விளக்கைப் பார்த்துக்கொள்ளலாம், வாயிலில் அமர்ந்திருக்கலாம். அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் போக வேண்டா. உப்புக் கூடினாலும் குறைந்தாலும், அது அணித்தலைவியின் பாடு.