நீலநாக்கு நோயும் பத்துத் துண்டுகளும்

கடலுக்கும் முந்தல் களப்பிற்கும் இடையே அமைந்த ஊர் உடப்பு. இத்தகைய கரையூர்களில், வலை வெறுமையாய் மீளும் நாளில், முற்றத்தில் நிற்கும் இரண்டொரு ஆடே ஏழைக் குடும்பத்தின் சேமிப்பாகும். ஆட்டைப் பற்றும் நோய் அடுப்பையும் அணைத்துவிடும்.

அக்கரையிலே, தமிழ்நாட்டில், 1997–98 காலப்பகுதியில் நீலநாக்கு நோய் செம்மறி மந்தைகளைக் கடுமையாகத் தாக்கிற்று. காய்ச்சலும் முகவீக்கமும் வாய்ப்புண்ணும் நொண்டலும் அதன் குறிகள். நுளம்பினும் சிறிய, குருதியுண்ணும் பூச்சியே அதனைப் பரப்புவது. வெள்ளாடோ பலவேளை நோய்க்குறி காட்டாமலே வைரசைச் சுமந்து நிற்கும்.

இவ்வைரசின் பரம்பரைச் செய்தி இரட்டை இழை ஆர்.என்.ஏ.யாலான பத்துத் துண்டுகளில் அடங்கியுள்ளது. ஒரே கலத்தினுள் இருவகை வைரசுகள் புகுந்தால் அத்துண்டுகள் கலந்துவிடுகின்றன. பிறக்கும் வைரசு சிலவற்றை ஒன்றிடமும், எஞ்சியவற்றை மற்றதனிடமும் பெறலாம். கணக்கின்படி 1024 சேர்க்கைகள் உண்டு. பெற்றோர் இரண்டையும் நீக்கினால் 1022 புதியவை. அவை அனைத்தும் நிலைப்பதில்லை; நிலைப்பது ஒன்றேயாயினும் மந்தைக்குக் கேடு நேரலாம். ஒரு துண்டே இடையில் முறிந்து வேறொன்றுடன் இணைவதும் உண்டு, அஃது அரிது.

வலுக்குறைத்த உயிர்வைரசுத் தடுப்பூசியிலும் இவ்வாபத்து மறைந்துள்ளது. ஊசியில் வந்த வைரசும் ஊரில் உலவும் வைரசும் ஓர் உடலிற் சந்திக்கக்கூடும். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த தடுப்பூசி, ஐந்து வகை வைரசுகளைச் செயலிழக்கச் செய்து ஆக்கப்பட்டது. பெருகாத வைரசு கலப்பதுமில்லை.

ஆகவே ஊசியைத் தெரிவதை மிருக வைத்தியரிடம் விடுதலே முறை. சோதனையின்றிக் கடல்கடந்து வரும் ஆடு தனியே வருவதில்லை. பத்துப் புதிய துண்டுகளையும் உடன்கொண்டு வரலாம்.