ஆங்கிலத்திற் கீதை பயில்தல்

(சங்கத்தின் கீதை வகுப்புத் தொடக்க நாளில் நிகழ்த்திய உரை)



பகவத்கீதையை ஆங்கிலத்தில் வாசிப்பது நமக்கு ஏற்றதன்று எனப் பெரியோர் சிலர் கருதுகின்றனர். வடமொழி அறியாத பிள்ளைகளோ, வேறு வழி யாது என்று வினவுகின்றனர். இரு திறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஊழியம் புரிந்த சார்ள்ஸ் வில்கின்ஸ் செய்த மொழிபெயர்ப்பு 1785ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. நூறு ஆண்டு கழித்து, 1885இல், எட்வின் ஆர்னல்ட் கீதையை ஆங்கிலச் செய்யுளாக்கினார். காந்தியடிகள் இலண்டனிற் சட்டம் பயின்ற காலத்தில், பிரமஞான சபையைச் சார்ந்த சகோதரர் இருவர் அந்நூலைத் தம்முடன் வாசிக்க அழைத்தனர். வடமொழியிலோ தாய்மொழியிலோ கீதையை அதுகாறும் படித்திலேமே என்று அவர் நாணினார். ஆயினும் உடன் அமர்ந்து வாசித்தார். பின்னர் மூலத்தைப் பயின்று, தாமே குஜராத்தியில் மொழிபெயர்த்தார். அந்நூல் 1930 மார்ச் 12ஆந் திகதி, தண்டி யாத்திரை புறப்பட்ட அன்றே வெளிவந்தது. ஆகவே ஆங்கிலப் புத்தகத்தோடு வரும் பிள்ளையை நாம் நகைத்தல் ஆகாது. நகைத்தால் அடுத்த கிழமை அவன் வரமாட்டான்!

இனி, இடர் எங்கே உள்ளது என்பதைப் பார்ப்போம். கீதையின் முதற் சொல்லே 'தர்மம்'. இதனை ஆங்கிலத்தில் ஒருவர் கடமை என்பார். ஒருவர் நீதி என்பார். வேறொருவர் மதம் என்றே எழுதிவிடுவார். மூன்றாம் அத்தியாயத்து 35ஆம் சுலோகம், குறைவுடையதாயினும் தன் தர்மமே மேல் என்கிறது. அங்கே மதம் என்று போட்டால் அது மதமாற்றத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். கடமை என்று போட்டால் போர்க்களத்தில் நிற்கும் அருச்சுனனின் பொறுப்பைப் பற்றியதாகும். ஒரே சுலோகம், வாசித்தவர் இருவரும் வெவ்வேறு நூல் படித்தவர் போலாவர். இறுதி அத்தியாயத்தில், எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னைச் சரணடைக என்னுமிடத்தில் இக்குழப்பம் இன்னும் பெரிது. 'யோகம்' என்ற சொல்லும் அப்படியே. அருச்சுனன் அழுது சோர்ந்த முதல் அத்தியாயத்துக்கும் யோகம் என்றே பெயர். தேகப்பயிற்சியை மாத்திரம் யோகம் என்று அறிந்த பிள்ளை திகைப்பான் அல்லனோ?

ஆதலால் ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பிரபவானந்த சுவாமிகளும் இஷர்வுட்டும் 1944இல் வெளியிட்டது எளிய நடையினது. செய்யுளும் வசனமும் கலந்து ஓடும். ஒருமுறை முழுவதையும் வாசித்து முடிக்க அது நன்று. சொல்லுக்குச் சொல் ஒப்பிட உதவாது. அதற்கு இராதாகிருஷ்ணன் 1948இல் வெளியிட்ட பதிப்பையே நாம் விரும்புகிறோம். சுலோகத்தை உரோமன் எழுத்திலே தந்து, பொருளும் குறிப்பும் அதன்கீழ் எழுதியிருக்கிறார். தர்மம் என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்பதை வடமொழி அறியாதவனும் விரல் வைத்துக் காணலாம்.

வகுப்பில் ஒருவர் சுலோகத்தைச் சொல்ல, இளைஞர் இருவர் இரண்டு ஆங்கில நூல்களிலிருந்து பொருளை வாசிப்பர்; பெரியவர் ஒருவர் தமிழில் விளக்குவார். வரும் வகுப்பிற்கு அந்த 35ஆம் சுலோகத்தையே எடுத்துள்ளோம். 'சுவதர்மம்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் யாது என்று பெரியோர்கள் எண்ணி வருவார்களாக.