குளிரில் இருமும் இயந்திரம்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வருடம் உரையாற்ற எம்மை அழைத்தபோது, பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளைகள் ஏதேனும் பெரிய விடயம் பேசுவார்கள் என்றே நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நாமோ ஒரு பழைய வானைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். காரணம் உண்டு. அவ்வானைத் திருத்துவதற்கென நீங்கள் மனமுவந்து தந்த பணத்தில் ஒரு பகுதியை நாம் வீணாக்கிவிட்டோம். அதற்குக் கணக்குச் சொல்வது எம் கடன்.

வானை நீங்கள் அறிவீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த வொக்ஸ்வாகன் கொம்பி. பெற்றோலில் ஓடுவது, இயந்திரம் பின்னால் இருப்பது, தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிர்வது. இவ்வகை வண்டிகளை ஜெர்மனியில் 1950 ஆம் ஆண்டு செய்யத் தொடங்கினர். பிரேசிலில் 2013 வரை செய்தனர். மேல்நாட்டார் இதனுள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து ஊரூராய்ப் பயணம் போவர். எம் வானிலும் பின் இருக்கையைக் கழற்றிப் பலகை அடித்து ஒருவர் நீட்டிப் படுக்க வசதி செய்திருக்கின்றோம். குறிகட்டுவானில் முதற் படகைப் பிடித்து நயினாதீவுக்குப் போவோருக்கும், அகாலத்தில் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்கும் அதுவே துணை.

சென்ற மார்கழியில் ஒரு நாள், அதிகாலை நான்கு மணிக்கு, எம் அயலில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி கண்டது. வானை நோக்கி ஓடினோம். சாவியைத் திருப்ப ஸ்ராட்டர் சுற்றியது, இயந்திரம் இரண்டு தரம் இருமியது, நின்றது. மறுபடியும் சுற்றினோம், மறுபடியும் இருமல். இருபது நிமிடம் சென்றது. ஈற்றில் பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டியே அவரைக் கொண்டு சென்றது. அவர் தேறிவிட்டார், இதோ முன்வரிசையில் இருந்து எம்மைப் பார்த்துச் சிரிக்கின்றார். எமக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே பணம் சேர்த்தோம். புதுப் பற்றரி வாங்கினோம். நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். விடியற்காலை இருமல் சற்றும் குறையவில்லை. குளிர்தான் காரணம் என்றார் ஒருவர். எமக்கு அதில் ஐயம். மார்கழி, தை மாதங்களிலும் எம் ஊரில் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. உறைபனி விழும் ஜெர்மனிக்கென்று செய்த இயந்திரம் சாட்டிக் கடற்காற்றுக்கா நடுங்கப் போகிறது?

அப்போதுதான் முன்னாளில் ஹயர் கார் ஓட்டிய ஓர் அப்பு வந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வண்டியைத் தொடவுமில்லை, கேள்வி கேட்டார்.

"ஸ்ராட்டர் உசாராய்ச் சுத்துதோ தம்பி?"

"ஓம் அப்பு, நல்லாய்ச் சுத்துது."

"அப்ப ஏனடா பற்றரி மாத்தினனீங்கள்?"

எம்மிடம் மறுமொழி இல்லை.

"சூடேறினால் ஒழுங்காய் ஓடுமோ?"

"ஓடும்."

"அப்ப பிளக்கிலை என்ன பிழை?"

"எப்ப கூடக் கரைச்சல்?" என்று மேலும் கேட்டார். மூன்று நான்கு நாள் சும்மா நின்ற பின் என்றோம். தலையை ஆட்டிவிட்டு, ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கொண்டுவரச் சொன்னார்.

அப்போத்தலின் வரலாற்றை மூத்தோர் அறிவர், நாமோ கேட்டறிந்தவர்கள். 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவகத்தார் பலரும் இடம்பெயர்ந்து அங்கேதான் இருந்தனர். அந்நாட்களில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் எழும்பாது. ஆகவே சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலிற் சில துளியைக் கார்புரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்க விட்டனர். புகையும் வந்தது, இயந்திரம் கரியும் பிடித்தது, ஆயினும் நோயாளர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர்.

மிஷன் கல்லூரியில் இதற்கான பௌதிகத்தை நாம் படித்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். எரிவது திரவம் அன்று, ஆவி. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றப் போதிய ஆவி தரும். மண்ணெண்ணெயோ முப்பத்தெட்டுப் பாகைக்கு மேல் சூடேறினால்தான் தரும். இவ்வளவும் தெரிந்திருந்தும் பற்றரிக் கடைக்கு ஓடினோம்!

அப்பு காற்று வடிகட்டியைக் கழற்றுவித்து, போத்தலின் மூடியளவு பெற்றோலைக் கார்புரேற்றரின் வாயில் விடுவித்து, வடிகட்டியைத் திரும்பப் பூட்டிய பின்னரே சாவியைத் திருப்ப விட்டார். தீ பின்னோக்கிச் சீறினால் முகம் கருகும். வாலிபர்கள் இதைக் கவனிக்க. இயந்திரம் உடனே பற்றியது. இரண்டு கணம் ஓடி நின்றது. "பொறி இருக்கு, குடிக்கத்தான் இல்லை," என்றார்.

கார்புரேற்றரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டு கையால் அக்சிலேற்றர் நெம்பை இழுத்தோம். பெற்றோல் பீச்ச வேண்டும், பீச்சவில்லை. மிதவைக் கிண்ணம் வற்றிக் கிடந்தது. எம் வெயிலில் சில நாள் நின்ற வண்டியில், கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிவிடுவது புதுமையன்று. ஸ்ராட்டரைச் சற்று நேரம் சுற்றப் பம்ப் அதை நிரப்பியது, இயந்திரம் எழும்பியது. ஆனால் இருமல் போகவில்லை.

இரண்டாவது குற்றம் பாதி வண்டியினது, பாதி எம்முடையது. இவ்வண்டியில் சோக் கையால் இழுப்பதன்று, தானே இயங்குவது. புறப்படுமுன் அக்சிலேற்றரை ஒருதரம் அழுத்தி விட்டால் சோக் தகடு மூடிக்கொள்ளும். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிய கலவை போகும். சாவியைத் திருப்பிய கணத்திலிருந்து மின்சாரம் ஒரு சுருளைச் சூடாக்க, தகடு மெல்ல மெல்லத் திறக்கும். எம் சாரதியின் வழக்கமோ, சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடி துடைத்து, ஆட்களை ஏற்றி, அதன்பின் ஸ்ராட்டரைச் சுற்றுவது! இயந்திரம் குளிர்ந்திருக்க, சோக் மட்டும் சூடேறித் திறந்துவிடும். போதாக்குறைக்கு உப்புக் காற்றுப் பட்டு அத்தகட்டின் அச்சும் இறுகியிருந்தது. கழுவி எண்ணெய் விட்டோம். சாரதிக்கும் புத்தி சொன்னோம். சாரதி வேறு யாருமல்லர், எம்மில் ஒருவரே.

வால்வுகளின் இடைவெளியையும், இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருந்த வேளையில், 0.15 மில்லிமீற்றராகச் சரிபார்த்தோம். அதில் குறையில்லை.

இவ்வளவின் பின்பும் முதல் ஐந்து நிமிடம் இயந்திரம் நொண்டியது. காய்ந்த துணி சுற்றிய கையால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். வலப்பக்கத்து ஒன்றாம், இரண்டாம் வயர்களைக் கழற்றியபோது இயந்திரம் தளர்ந்தது. இடப்பக்கத்து மூன்றாம், நான்காம் வயர்களைக் கழற்றியபோது ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் ஒரே பக்கம். இரண்டுக்கும் கலவை போவது ஒரே குழாயால். அக்குழாயின் பொருத்தில் ஒரு இறப்பர் உறை உண்டு. அதில் சவர்க்கார நீரைத் தெளித்ததும் இயந்திரத்தின் ஓசை மாறியது. உறை வெடித்திருந்தது, அவ்வழியே காற்றுப் புகுந்து கலவையை மெலியச் செய்தது. சூடேறிய இயந்திரம் அதைப் பொறுக்கும், குளிர்ந்தது பொறாது. அவ்வுறையின் விலை, பற்றரி விலையோடு ஒப்பிடச் சொல்லவே வெட்கமாயிருக்கின்றது.

இன்னொன்று. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நின்று பட்ட பயத்தில், நம்மவர் சிலர் இன்றும் பெற்றோலைக் கானில் அடைத்து வைப்பர். பழகப் பழக அதன் இலேசான பகுதி பறந்துவிடும்; எஞ்சுவது குளிரில் எளிதிற் பற்றாது. அத்தகைய பெற்றோலை அன்பளிப்பாகத் தருவோர் தயவுசெய்து எம் வானுக்குத் தரவேண்டாம். வீட்டில் வைப்பதும் ஆபத்து. இயந்திரத்தருகே செல்லும் பெற்றோல் குழாய்களையும் புதிதாக மாற்றிவிட்டோம். பழைய கொம்பிகள் எரிந்துபோவது பெரும்பாலும் அக்குழாய் வெடித்தே.

இப்பொழுது நான்கு நாள் நின்றாலும் வான் எழும்புகின்றது. சாவி சங்க அறைக் கதவின் பின்னால் தொங்குகின்றது. அக்சிலேற்றரை ஒருதரம் அழுத்துக, சாவியைத் திருப்பியதும் தாமதியாது ஸ்ராட்டரைச் சுற்றுக என்று அட்டையில் எழுதியிருக்கின்றோம். கழற்றிய பழைய பற்றரியும் நான்கு பிளக்குகளும் எம்மிடமே உள. யாதொரு குறையும் இல்லாதவை. தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் கேட்டுப் பெற்றுக்கொள்க.