தரை பேசாத மூன்று மணி நேரம்



தலைமை உரையில் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்வது வழக்கம். இன்று அதற்கு நேரம் செலவிட எனக்கு மனமில்லை. நாம் கூடியிருப்பது ஒரே ஒரு பொருளுக்காக: பறக்கும் விமானத்துக்கும் தரைக்கும் இடையே பேச்சு அறுந்துபோனால் என்ன ஆகிறது? வந்து சேர்ந்த கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலானவை விமானத்துக்குள் இருக்கும் ரேடியோவைப் பற்றியவை. தரையில் இருக்கும் ரேடியோவைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு விமானத்தின் ரேடியோ மட்டும் பழுதானால் செய்ய வேண்டியதை உலகம் நெடுநாளைக்கு முன்பே வகுத்துவிட்டது. விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் விமானி 7600 என்ற எண்ணைப் போடுகிறார். ரேடார் திரையில் அவருடைய விமானம் உடனே தனித்துத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் கண்பார்வையிலேயே பறந்து அருகிலுள்ள பொருத்தமான விமான நிலையத்தில் இறங்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கிறார் என்றால், கடைசியாகக் கிடைத்த உயரத்தையும் வேகத்தையும் ரேடார் கண்காணிப்புள்ள இடத்தில் 7 நிமிடமும், இல்லாத இடத்தில் 20 நிமிடமும் மாற்றக்கூடாது. அதன்பின் புறப்படுமுன் கொடுத்த பயணத் திட்டத்தின்படி போக வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டாலும் அடுத்து என்ன செய்வார் என்பது தரையில் இருப்பவருக்குத் தெரியும்.

நிலையத்தை நெருங்கியதும் கோபுரத்திலிருந்து விளக்கு பேசும். அசையாத பச்சை என்றால் இறங்கலாம். அசையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் அங்கே இறங்குவது ஆபத்து. பகலில் இறக்கையை ஆட்டி விமானி பதில் சொல்கிறார். இரவில் இறங்குவிளக்கை மின்னவிடுகிறார். இத்தனை மின்னணு மாற்றங்களுக்குப் பிறகும் அந்தக் கைவிளக்கு கோபுரங்களில் பத்திரமாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. பேச முடியாதவர் ஒருவர்தான். மற்ற அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை விலக்கி அவருக்கு வழி ஒதுக்கிவிடலாம். 2004 செப்டம்பர் 14 அன்று இந்த அனுமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது.

கலிபோர்னியாவில் பாம்டேல் என்ற ஊரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வான்வழிக் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உயரப் பறக்கும் விமானங்கள் அதன் பொறுப்பு. அன்று மாலை 5 மணி சுமாருக்கு, கட்டுப்பாட்டாளர்களின் ரேடியோவையும் தொலைபேசியையும் இணைக்கும் குரல் இணைப்பு அமைப்பு நின்றுபோனது. அதற்கு மாற்றாக வைத்திருந்த அமைப்பு இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதுவும் விழுந்தது. அந்த வேளையில் சுமார் 400 விமானங்கள் அந்த மையத்தின் கண்காணிப்பில் இருந்தன. ரேடார் நன்றாகவே வேலை செய்தது. திரையில் ஒவ்வொரு விமானமும் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் என்பதெல்லாம் தெரிந்தது. இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கிப் போவதும் தெரிந்தது. "வலப்புறம் திரும்புங்கள்" என்று சொல்லத்தான் வழியில்லை. கட்டுப்பாட்டாளர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசிகளை எடுத்து அண்டை மையங்களையும் விமான நிறுவனங்களையும் அழைத்து, "எங்கள் விமானங்களை நீங்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். தொடர்பு முழுவதுமாகத் திரும்ப 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. குறைந்தது ஐந்து இடங்களில் விமானங்கள் இருக்க வேண்டிய இடைவெளியைவிட நெருங்கிவிட்டன. யாரும் இறக்கவில்லை.

காரணத்தைக் கேட்டால் நெஞ்சு பதறும். அந்த அமைப்பின் கட்டுப்பாட்டுக் கணினியில் ஒரு கடிகாரம் இருந்தது. 4,294,967,295 மில்லி விநாடிகளில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணும். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. நாள் கணக்கில் 50 நாளுக்குச் சற்றே குறைவு. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும் அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இந்தக் கோளாறு அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். மென்பொருளைத் திருத்தும் வரை, 30 நாளுக்கு ஒருமுறை ஒரு தொழில்நுட்பப் பணியாளர் கணினியைக் கையால் நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தமுறை அது விட்டுப்போனது. முறையான பயிற்சி பெறாத ஊழியர் என்று விளக்கம் வந்தது.

அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. நானூறு விமானங்களின் குரல், ஒரு மனிதர் மாதம் ஒருமுறை மறக்காமல் ஒரு பொத்தானை அழுத்துவதில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், குற்றம் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுடையது. தெரிந்த ஓட்டைக்கு ஆளை நிறுத்திவைப்பதைப் பழுதுபார்த்தல் என்று நம் துறை கணக்கில் எழுதக்கூடாது.

அன்று உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு விமானங்களில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவிக்கு உண்டு. அது தரையைக் கேட்பதில்லை. பக்கத்து விமானத்தின் டிரான்ஸ்பாண்டரோடு நேரடியாகப் பேசி, ஒருவரை ஏறச் சொல்கிறது, மற்றவரை இறங்கச் சொல்கிறது. அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006 செப்டம்பர் 29 சாட்சி. பிரேசிலில் அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடியில், கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் லெகசி என்ற சிறு ஜெட்டும் எதிரெதிரே வந்து மோதின. அதற்கு முன் நெடுநேரமாகவே சிறு ஜெட்டுக்கும் பிரேசிலியா மையத்துக்கும் பேச்சு அறுந்திருந்தது. அதன் டிரான்ஸ்பாண்டரும் சமிக்ஞை அனுப்பவில்லை. அதனால் இரு விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவிகளுக்கும் எதிரே வருவது தெரியவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் மாண்டார்கள். பேச்சு போவது ஒரு காவல் போவது. இரண்டாவது காவலும் உடன் போனபோதுதான் அந்தச் சாவு நேர்ந்தது.

விமானத்தின் பக்கம் நேரும் தவறுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்குக் கைமாறும்போது அலைவரிசை எண்ணில் ஓர் இலக்கம் தப்பிப்போனால் போதும், விமானி யாருமில்லாத அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். 2017 பிப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டன் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனிக்கு மேலே பதில் பேசாமல் போனதும், ஜெர்மன் போர் விமானங்கள் எழுந்து வந்து அதன் அருகே பறந்தன. இதற்காகத்தான் இரண்டாவது ரேடியோவில் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்கிறோம். இதைப் பற்றி நல்ல கட்டுரைகள் பிற்பகலில் வருகின்றன; அவற்றுக்கு விட்டுவிடுகிறேன்.

நமக்கு அருகே வருவோம். சென்னைக்குக் கிழக்கே கடல். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு, நேர்கோட்டில் செல்லும் வி.எச்.எஃப். ரேடியோ அலை சுமார் 400 கிலோமீட்டர் வரைதான் எட்டும். பூமியின் வளைவு அதற்குமேல் விடாது. நடு வங்கக் கடலில் எச்.எஃப். ரேடியோவையும் செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்தியையும் நம்ப வேண்டியிருக்கிறது. எச்.எஃப். அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. சூரியனில் பெருங்கொந்தளிப்பு எழுந்தால் அதுவும் அடங்கிவிடும். அங்கே காவல்கள் இயல்பாகவே குறைவு. ஆகவே கரையில் இருக்கும் அமைப்பு நிற்பதற்கான வழிகளை நாம்தான் மற்றவர்களைவிட அதிகம் ஆராய வேண்டும்.

தரை அமைப்பு விழுவது பழைய கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2025 ஏப்ரல் 28 அன்று, நியூயார்க்குக்கு அருகேயுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை வழிநடத்தும் பிலடெல்பியா மையத்தில், ரேடாரும் ரேடியோவும் ஒருசேர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் போயின. அன்று பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் சிலர் மன அதிர்ச்சியால் விடுப்பில் செல்ல நேர்ந்தது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்துவிடும்.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மாற்று அமைப்பு இருக்கிறது என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும், அந்த மாற்று அமைப்பு முதன்மை அமைப்பின் அதே மென்பொருளையும் அதே கம்பியையும் பகிர்கிறதா என்று சொல்லுங்கள். அதை மட்டும் தனியாக, முழுச் சுமையோடு கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்ததாக அமைப்பாளர்களுக்கு: நிலையங்களில் இந்தக் கருவிகளைக் காப்பவர்கள் சி.என்.எஸ். (தொடர்பு, வழிகாட்டல், கண்காணிப்பு) பிரிவுப் பொறியாளர்கள். இன்றைய நிகழ்ச்சி நிரலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. நாளைக் காலை அமர்வில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள்; என் நிறைவுரைக்கான நேரத்தை அதற்காக எடுத்துக்கொள்ளலாம்.