150 ரூபாய் ஆன்டெனா

சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் குவியலுக்குள் ஓர் ஆன்டெனா கிடந்தது. கார் கூரையில் ஒட்டுகிற காந்த ரகம். 150 ரூபாய். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கும் நண்பரோடு ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோனேன்.

ஜமுனாமரத்தூர் டீக்கடை ஓரம் வண்டி நின்றதும் நான் வானொலி செட்டின் மைக்கைத் தேடினேன். "அவசரப்படாதீங்க சார். பழுதான ஆன்டெனாவில் பேசினால் செட்டு புகைஞ்சிடும்" என்றார் நண்பர்.

முதலில் மல்டிமீட்டர். பிளக்கின் நடு ஊசியில் ஒரு முனை, கம்பியின் நுனியில் மறுமுனை. பீப் என்றது. கேபிளை ஆட்டினால் பீப் நின்றது! அடிப்பகுதியைப் பிரித்தால் பச்சைக் களிம்பு, சால்டரிங் விட்டிருந்தது. சுரண்டி, கார் பேட்டரியிலேயே பற்றவைத்தார்.

அடுத்து எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். எங்களுக்கு 2 காட்டியது. அதாவது ஒன்பதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. நாங்கள் பேசவிருந்த 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் கால் பங்கு, சுமார் அரை மீட்டர் கம்பி போதும். எங்களுடையது 54 சென்டிமீட்டர். வெட்டியதை ஒட்ட முடியாதே! அதனால் நகம் வெட்டுவதுபோல் துளித்துளியாக வெட்டினார். 49-இல் முள் 1.2-க்கு இறங்கியது.

டீக்கடைக்காரர் ஆசைப்பட்டு ஆன்டெனாவை மரப் பெஞ்சில் வைத்தார். முள் எகிறியது. காரின் கூரைத் தகரம்தான் இந்த ஆன்டெனாவின் மறுபாதி என்று நண்பர் சொல்ல, கடைக்காரர் அந்தக் கூரையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.